‘ஹோல்’ என்றால் இழுப்பது மட்டும்தானா?

யூடியூப்பில் ‘ஹோல்’ என்று தேடினால் முதலில் வருவது உடுப்புக்கடைப் பைகள்தான். ஒரு பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, இது இவ்வளவு, இது தள்ளுபடியில் எடுத்தது என்று காட்டுவார். தீபாவளி ஹோல், மேக்கப் ஹோல் என்று தமிழிலும் இப்ப நிறைய இருக்கு. எங்களுக்கும் பார்க்கப் பிடிக்கும். பரீட்சைக் காலத்தில் அதைவிட நல்ல மருந்து இல்லை. பேராதனையில் இந்தச் சொல்லால் இன்னொரு குழப்பமும் உண்டு. நாங்கள் தங்கும் விடுதியும் ‘ஹோல்’தான்: ராமநாதன் ஹோல், அக்பர் ஹோல், ஹில்டா ஹோல். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, காதுக்கு ஒன்றுதான். ஆகவே கெம்பஸில் ஒருத்தர் ‘ஹோல் வீடியோ’ என்றால் அது ரூமைச் சுற்றிக்காட்டும் வீடியோவா, சட்டை காட்டும் வீடியோவா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேணும்.

விளையாட்டு கிடக்கட்டும். அந்த ஆங்கில வினைச்சொல் இவ்வளவு இலேசான ஆள் இல்லை. பழைய பிரெஞ்சிலிருந்து வந்து, கப்பற்காரர்களின் கையில் வளர்ந்த சொல் அது. பாய்மரக் கயிற்றைப் பலபேர் சேர்ந்து பிடித்து, மூச்சைக் கட்டி, விட்டுவிடாமல் இழுப்பதற்குப் பெயர் ஹோல். ‘புல்’ என்றால் கதவையும் இழுக்கலாம், ஒரு விரல் போதும். ‘ட்ராக்’ என்றால் சாமான் தரையில் உராய்ந்துகொண்டு வரும். ‘லக்’ என்றால் கையில் தொங்கித் தோளைச் சரிக்கும் பெட்டி. ஹோல் என்று சொல்ல, இழுக்கிற ஆளுக்கு வியர்க்க வேணும். கொஞ்ச நேரமாவது நீடிக்கவும் வேணும்.

பிறகு அந்தச் சொல் கரையேறிவிட்டது. வலையை இழுத்ததும் அகப்பட்ட மீன் ஒரு ‘ஹோல்’. கள்ளன் ஒரே இரவில் அள்ளிக்கொண்டு போனதும் ஹோல். ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுத்து நிறுத்துவதும் அதுவே. லொறியில் சரக்கு ஏற்றி ஓடுவதற்கும் அந்த வினைதான், நெடுந்தூர விமானம் ‘லோங் ஹோல்’. எங்கள் ஊர் கராஜ்களில் எஞ்சினை முழுசாகக் கழற்றிச் சரிபார்க்கும் ‘ஓவர்ஹோல்’கூட கப்பல் கயிற்றைத் தளர்த்திப் பரிசோதித்த வேலையிலிருந்து வந்தது. மீன் வழியாக வந்த பெயர்ச்சொல் கடைசியில் கட்டிலில் கவிழ்க்கப்படும் பையாகியிருக்கு. எவ்வளவு அகப்பட்டது என்ற கணக்கு அதில் மிச்சம், இழுத்த கையைக் காணோம்.

எங்களை இதை எழுதவைத்தது யூடியூப் இல்லை, ஒரு சொற்பட்டியல். ஆங்கில–தமிழ் மொழிபெயர்ப்புப் பயிற்சிக்குக் கையில் வைத்திருக்கும் பழைய பட்டியலில் ஹோல் என்பதற்கு நேரே ‘இழு’ என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது. பயிற்சியில் வந்த வாக்கியத்தில் தொழிலாளர்கள் மூட்டைகளை மலைமேல் ‘ஹோல்’ செய்தார்கள். பட்டியல்படி எழுதினால், ‘தொழிலாளர்கள் மூட்டைகளை மலைமேல் இழுத்தனர்.’ இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படத்தைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து பாருங்கள். சாக்கு கல்லில் உரசிக் கிழிந்து, பாதிச் சரக்கு பாதையில் கொட்டும். மலையில் யாரும் மூட்டையை இழுப்பதில்லை.

அப்ப என்ன சொல்? இதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. எங்கள் கூட்டத்தில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன், மாத்தளை என்று நாலாபக்கமும் இருக்கு. யாழ்ப்பாணத்து ஆள் ஒரே பிடியாக ‘காவினார்கள்’ என்றார். மட்டக்களப்பும் ஓம் என்றது. ஹட்டன்காரிக்குச் சிரிப்பு. அவளுக்குக் காவு என்றால் சாமிக்குக் கிடாய் காவு கொடுப்பது. “நாங்க சொமந்துக்கிட்டுப் போறோம்னுதான் சொல்லுவோம். மூட்டைய காவு குடுத்துட்டா சாயங்காலம் எதை நிறுப்பாங்க?”

ஆனால் காவு பழைய சொல், நல்ல சொல். தோளில் தடி வைத்து இரண்டு பக்கமும் பாரம் தொங்கவிட்டுச் சுமப்பது காவுதல். காவடியில் அது ஒட்டிக்கொண்டிருக்கு. சங்ககாலப் பாணர்கள் தங்கள் இசைக்கருவிகளை அப்படித்தான் கொண்டுபோனார்கள், புறநானூற்றில் ஔவையாரின் பாட்டிலும் இந்த வினை இருக்கு. தமிழ்நாட்டு நண்பர்களிடம் ‘பையைக் காவிக்கொண்டு வாறன்’ என்று சொன்னால் முழிக்கிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் புத்தகப்பை, பிள்ளை, கவலை எல்லாவற்றையும் இன்னும் காவிக்கொண்டுதான் திரிகிறோம்.

சண்டை முடியும்போது ஒரு பட்டியல் சேர்ந்திருந்தது. தூக்கு என்றால் பாரம் நிலத்தைவிட்டுக் கிளம்ப வேணும், அதற்குமேல் அந்தச் சொல்லுக்குப் பொறுப்பில்லை. சுமப்பது என்றால் உடம்பு பாரத்துக்குக் கீழே இருக்கு: தலை, முதுகு, தோள். ஏந்துவது உள்ளங்கையில். இடுக்குவது இடுப்பிலோ கக்கத்திலோ, தண்ணிக்குடம் போல. நெம்புவதற்குக் கையில் ஒரு கடப்பாரை வேணும். அரக்குவது என்றால் இருந்த இடத்திலிருந்து கொஞ்சமே கொஞ்சம் நகர்த்துவது (பஸ்ஸில் “கொஞ்சம் அரக்கி இருங்கோ” என்பது யாழ்ப்பாணம், கண்டி பஸ்ஸில் அது எடுபடாது). உருட்டு, தள்ளு, நகர்த்து, ஏற்று, இறக்கு. பாரம் உடம்பில் எந்த இடத்தில் இருக்கு என்பதைத் தமிழ் வினை பெரும்பாலும் தானே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தின் ஹோல் அதைச் சொல்லாது, கஷ்டத்தை மட்டும் சொல்லும். இரண்டையும் ‘இழு’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்தால் இடமும் போச்சு, கஷ்டமும் போச்சு.

உண்மையாகவே இழுப்பதற்கும் நம்மிடம் வகைவகையாக இருக்கு. கிழக்கிலும் வடமேற்கிலும் கரைவலை இழுக்கும்போது பாடுவதற்கு அம்பாப் பாட்டு. ஆங்கிலக் கப்பற்காரர்களும் கயிறு இழுக்கத் தனியாகப் பாட்டு வைத்திருந்தார்கள், இழுப்புக்கு ஒரு தாளம், நங்கூரம் சுற்ற இன்னொரு தாளம். தனியாக இழுக்க முடியாத ஒன்றை எல்லோரும் ஒரே நொடியில் இழுக்கப் பாட்டு வேணும். அந்த வகையில் இரண்டு மொழிக்காரரும் ஒரே ஆட்கள்.

தேரை எடுங்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசிமகத்துக்கு ஐந்து தேர் ஓடும். கண்டியிலிருந்து பஸ்ஸில் போய் வடத்தில் ஒரு கை வைத்துவிட்டு வருவது எங்களில் பலருக்கு வருஷாவருஷம் உள்ள வேலை. அங்கே யாரும் ‘தேர் இழுக்க’ப் போறேன் என்று சொல்வது குறைவு, ‘வடம் பிடிக்க’ என்பார்கள். டன் கணக்கில் பாரம், வெயில், தள்ளுமுள்ளு, கை தோல் உரியும். ஆனால் அது கூலி வேலை இல்லை, கௌரவம். அந்தக் கௌரவம் எல்லோருக்கும் கிடைத்ததும் இல்லை. தமிழ்நாட்டில் சிவகங்கைப் பக்கம் கண்டதேவியில் தேர்வடத்தைத் தொடும் உரிமைக்காகத் தலித் மக்கள் பல ஆண்டுகள் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. நெல்மூட்டையைச் சுமக்க அவர்களை யாரும் தடுத்த கதை இல்லை. வடத்தைப் பிடிக்கத்தான் தடை. பாரம் இழுப்பது எங்கே மரியாதையாகிறது, எங்கே கூலியாகிறது என்பதைக் கிலோ தீர்மானிப்பதில்லை.

இனி எங்கள் மலைக்கு வருவோம், ஏனென்றால் அந்த மூட்டை வாக்கியம் கிட்டத்தட்ட நாங்கள் படிக்கும் இடத்தின் வரலாறு. கண்டிக்கு ரயில் வந்தது 1867 இல். அதே வருஷம்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். அதற்கு முன்னால் கோப்பிக் காலம். கோப்பி கொழும்புக்கு மாட்டுவண்டியில் இறங்கியது. ரயில்பாதை போட்டபோது கடுகண்ணாவை ஏற்றம்தான் பெரிய தலையிடி, ஏறத்தாழ 45 அடிக்கு ஓர் அடி ஏறும். அதனால் ரம்புக்கனையில் பின்னால் இன்னொரு எஞ்சினைப் பூட்டினார்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ளும். இரும்பு எஞ்சினுக்கே துணை கொடுத்தார்கள் என்பதை ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எஞ்சினுக்குச் சரக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் மன்னாரிலிருந்து காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்கள். சட்டிபானையையும் பிள்ளையையும் சுமந்துகொண்டு வந்தார்கள், வழியில் செத்தவர்கள் கணக்கில்லை. 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி மாத்தளைவரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நடந்தார்களே, மலையகத்தின் 200 வருஷத்தை நினைத்து, அது இந்தப் பாதையை நினைத்துத்தான். வரலாற்றுப் பாடத்தில் இதற்கு வரும் வாக்கியம்: ‘தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர்.’ அவர்களே ஏதோ சரக்கு மாதிரி. எதையெதைச் சுமந்துகொண்டு வந்தார்கள் என்பதற்கு அந்த வினையில் இடம் இல்லை.

இப்ப ஹந்தானைப் பக்கம் பாருங்கள். கெம்பஸ் முதுகைச் சாய்த்துக்கொண்டிருக்கும் மலை அது. தேயிலை விளம்பரம், சுற்றுலா விளம்பரம் எதை எடுத்தாலும் ஒரு பெண் சிரித்துக்கொண்டு இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறிப்பார். அவருடைய தொழிலுக்குப் பெயர் ஆங்கிலத்தில் ‘ப்ளக்கர்’, தமிழில் கொழுந்து பறிப்பவர். தோட்டத்தில் ‘கொழுந்து எடுக்கிறது’ என்போம். மூன்றிலும் விரல்தான் வேலை செய்கிறது. ஆனால் அவர் பறித்ததைக் காலை முழுதும் அவரேதான் முதுகில் வைத்திருக்கிறார். கூடையோ நைலோன் பையோ, கயிறு தலையில் மாட்டியிருக்கும். பை நிறைய நிறைய மலை ஏறவேணும். பிறகு நிறுவைக்கு மடுவத்துக்கோ லொறி வரும் பாதைக்கோ சாக்கோடு நடக்கவேணும், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. பறிப்பது பாதி வேலை. மற்றப் பாதி ஹோல், அசல் அர்த்தத்தில்.

ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ 4½ கிலோ பச்சைக் கொழுந்து வேணும். மிச்சம் பெரும்பாலும் தண்ணீர், தொழிற்சாலையில் வாட்டி உலர்த்தினால் காற்றோடு போய்விடும். அப்படியென்றால் ஒரு பெண் 20 கிலோ கொழுந்தைச் சுமந்து வந்தால், அதில் 15 கிலோவுக்குக் கிட்ட, யாருக்கும் விற்கப்படாத தண்ணீர். யாரும் குடிக்காத தண்ணீரை மலையில் ஏற்றி இறக்குவதுதான் அந்த உடம்பின் பெரிய வேலை. அதற்குமேல் தராசில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று வெட்டுவார்கள். மழை நாளில் இலைமேல் நிற்கும் தண்ணீரின் பாரம் முதுகுக்கு உண்டு, புத்தகத்தில் இல்லை. நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாய், 2024 இல் 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோதெல்லாம், எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர், எத்தனைக்கு அரைப்பேர் என்று கதைத்தோம். எத்தனை கிலோவை எவ்வளவு தூரம் சுமந்தார் என்று எங்கும் ஒரு பத்தி வாசித்த ஞாபகம் எங்களுக்கு இல்லை. தொழிலின் பெயரிலேயே அந்த வினை இல்லாதபோது சம்பளப் பேச்சில் மட்டும் எங்கேயிருந்து வரும்?

எங்கள் வாதம் இவ்வளவுதான். சரியான வினையைப் போட்டால் சம்பளம் கூடிவிடும் என்று சொல்ல நாங்கள் அவ்வளவு அப்பாவிகள் இல்லை. சொல்லை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் இந்தியாவில் இருக்கு. ரயில் நிலையங்களில் பெட்டி தூக்குபவர்களை இனிக் கூலி என்று அழைக்கக்கூடாது, ‘சஹாயக்’, அதாவது உதவியாளர், என்று அழைக்கவேணும் என 2016 ரயில்வே பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல எண்ணம்தான். சிவப்புச் சட்டையும் தலையில் பெட்டியும் அப்படியே இருக்கு. ‘கூலி’ என்ற சொல்லே பாவம். தமிழில் அது வேலைக்குக் கிடைக்கும் சம்பளம். ஆங்கிலக்காரன் வாயில் அது ஆளின் பெயராகி, பிறகு வசையாகி, ரஜினி படத்துக்குப் பெயராகி இப்ப கைதட்டலும் வாங்குது. (அது நம் கூலியா, குஜராத்தின் கோலி என்ற சாதிப்பெயரா என்று அகராதிக்காரர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.)

நம் ஊரிலும் ஒரு வேடிக்கை இருக்கு. கொழும்பு புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவர், கைவண்டி தள்ளுபவர் ‘நாட்டாமி’. சிங்களத்திலும் அதே சொல். எங்களுக்கு அதைக் கேட்டதும் நினைவுக்கு வருவது 1994 இல் வந்த சரத்குமார் படம், ஆலமரத்தடி, சொம்பு, தீர்ப்பு. அங்கே நாட்டாமை என்றால் ஊருக்குப் பெரியவர். இங்கே அதே ஓசையுள்ள பெயரோடு ஒருத்தர் 50 கிலோ சீனி மூட்டையைக் குனிந்த முதுகில் வாங்கிக்கொண்டு “வழி, வழி” என்று ஓடுகிறார். சர்வதேச தொழில் அமைப்பு 1967 இல், வளர்ந்த ஓர் ஆண் கையால் தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்ற அளவைப் பரிந்துரைத்தது. சீமெந்துப் பையும் 50 கிலோ. அளவுக்குள்ளேதான் இருக்கு, சந்தோஷப்படலாம். ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை என்பதுதான் கேள்வி.

ஆகவே சொல்லை மாற்றுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இருக்கிற சொல்லை விழுங்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம். கலைப்பீடத்தில் எங்கள் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள்: ‘கொழுந்து தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்லப்படுகிறது’, ‘பொருட்கள் சந்தைக்கு எடுத்துச்செல்லப்படுகின்றன’. படுகிறது, படுகின்றன. அது கல்வித் தமிழ், புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்த வாக்கியத்தில் கொழுந்து தானாகவே நடந்து போகிறது. இதை எழுதுபவர்களில் பாதிப்பேருக்கு அம்மாவின் உச்சந்தலையில் கயிறு பதிந்த தடம் எங்கே இருக்கு என்று தெரியும். வீட்டில் ‘அம்மா சொமந்துக்கிட்டு வந்தாங்க’ என்று சொல்லும் வாய், பீடத்தின் வாசலைத் தாண்டினதும் ‘கொண்டுசெல்லப்படுகிறது’ என்கிறது. சொமப்பது படிக்காதவர் பேச்சு என்ற கூச்சம்தான் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம். சும என்பது நல்ல செந்தமிழ் வினை. கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை.

அந்த மொழிபெயர்ப்பு வாக்கியத்துக்குக் கடைசியில் நாங்கள் ஒத்துக்கொண்டது: ‘தொழிலாளர்கள் மூட்டைகளை மலைமேல் சுமந்து ஏற்றினார்கள்.’ யாழ்ப்பாணத்து ஆள் தன் தாளில் ‘காவி ஏற்றினார்கள்’ என்றே எழுதினார். அதுவும் சரி.

சுமை பற்றித் தேடும்போது லண்டனில் பிக்கடில்லி வீதியோரத்தில் ஒரு பலகை பற்றி வாசித்தோம். 1861 இல் வைத்தது, இரண்டு கம்பத்தின்மேல் தோள் உயரத்தில் ஒரு தடித்த பலகை. பாரம் சுமந்து வருபவர் குனியாமல் அதில் மூட்டையைச் சரித்துவிட்டு இளைப்பாறலாம். உடனே எல்லோரும் ஒரே குரலில், இது நம்ம சுமைதாங்கி! வடக்கில் பழைய வீதியோரங்களில் இன்னும் அங்கங்கே நிற்கும் கல், வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாகக் கட்டியது. ஆள் இளைப்பாற கண்டிப் பாதையில் அம்பலங்கள் உண்டு, கடுகண்ணாவையில் ஒன்று இன்னும் நிற்குது. மூட்டை இளைப்பாற, எங்கள் ஹட்டன்காரிக்குத் தெரிந்த தோட்டப் பாதை எதிலும் ஒன்றும் இல்லை. “சாக்க கீழ வச்சா திரும்பத் தூக்கிவிட ஒரு ஆளு வேணும். அதனால வைக்கிறதில்ல. நின்னுக்கிட்டே மூச்சு வாங்கிட்டு நடக்கிறதுதான்” என்றாள்.